ஒரு நிமிஷத்தில் ஒரு வினா

பென்னாகரத்துக்கு மேற்கே காவிரிக் கரையை ஒட்டிய சிற்றூர்களிலும், அரூருக்கு அப்பால் சித்தேரி மலையிலும், பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டங்களின் நடுவிலும் இருக்கின்ற அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு, அவர்கள் வாழ்க்கையிலேயே முதன்முறையாகக் கடிகாரத்தோடு போட்டியிட வேண்டிய பரீட்சை ஒன்று ஆண்டுதோறும் வருகிறது. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு என்பது அதன் நீண்ட பெயர். ஆசிரியர்களும் பிள்ளைகளும் என்.எம்.எம்.எஸ். என்றே சொல்லுகிறார்கள். மத்திய அரசு 2008-ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டத்தில் நாடு முழுவதற்கும் ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் உதவித்தொகைகள் உண்டு. அவற்றில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாத, அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கின்ற பிள்ளைகள் இதை எழுதலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம், நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே வந்து சேர்கிறது.

நகரத்தில் வசதியோடு வாழ்கின்ற குடும்பத்துக்கு இது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எழுத்தறிவில் தமிழகத்து மாவட்டங்களுள் கடைசியாக 68.54 சதவீதத்தோடு நின்ற தருமபுரியில், மழை பொய்த்த ஆண்டுகளில் பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கும் போய்விட, பாட்டியின் பொறுப்பில் வளர்கின்ற ஒரு பெண்ணைப் படிப்பை நிறுத்தி இளவயதிலேயே மணம் முடித்துக் கொடுத்துவிடலாமா என்று பெரியவர்கள் யோசிக்கின்ற வேளையில், இவள் பெயருக்கு ப்ளஸ் டூ வரையில் அரசாங்கப் பணம் வரும் என்ற சங்கதி அந்த யோசனையைத் தள்ளிப்போடக் கூடும். ஆகையால் இத்தகைய பரீட்சையில் விரைவாகவும் பிழையின்றியும் விடையளிப்பது எப்படி என்ற கேள்வியை, சில்லறை யுக்திகளின் தொகுப்பாக எண்ணி ஒதுக்கிவிடாமல், சிரத்தையோடு ஆராய வேண்டும் என்று கருதுகிறேன்.

பரீட்சைக்கு இரண்டு பகுதிகள். முதலாவது மனத்திறன் தேர்வு. இரண்டாவது பாடங்களை ஒட்டிய படிப்பறிவுத் தேர்வு. ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 90 நிமிஷம். எண் தொடர், எழுத்துத் தொடர், பொருந்தாததைப் பிரித்தல், குறியீட்டு மொழி, திசை, உறவுமுறை, பகடை, கண்ணாடிப் பிம்பம், மறைந்திருக்கும் உருவம் என்ற இவைதாம் முதற்பகுதியின் விஷயங்கள். இவற்றில் பெரும்பாலானவை எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் தனிப் பாடமாக நடத்தப்படுவதில்லை. அதே பிள்ளை வளர்ந்து, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் போனால் மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள், அதாவது வினாவுக்கு 54 விநாடி. மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வில் முதற்கட்டத்தில் 36 விநாடி. வங்கி அதிகாரிகளுக்கான முதல்நிலைத் தேர்வின் ரீசனிங் பகுதியில் 20 நிமிஷத்தில் 35 வினாக்கள், ஆக ஏறத்தாழ 34 விநாடி. எட்டாம் வகுப்பில் ஒரு முழு நிமிஷமாக இருக்கின்ற அவகாசம் வயது ஏற ஏறச் சுருங்கிக்கொண்டே போகிறது. அந்த முதல் நிமிஷத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பின்னால் வருபவை அவ்வளவு அன்னியமாக இருப்பதில்லை.

இவ்வளவு நேரந்தான் என்ற கட்டாயம் அறிவை அளப்பதற்கு இயற்கையே விதித்த அளவுகோல் அன்று என்பதை முதலில் பெற்றோர் அறிந்துகொள்ளுதல் நலம். கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கின்ற முறையை அமெரிக்காவில் கான்ஸாஸைச் சேர்ந்த ஃபிரெடரிக் கெல்லி என்ற கல்வியாளர் முதல் உலக யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். 1917-இல் அந்நாடு யுத்தத்தில் இறங்கியபோது லட்சக்கணக்கான சிப்பாய்களைக் குறுகிய காலத்தில் தரம் பிரிக்க வேண்டிய நிர்ப்பந்தத்தினால் அது ஒரு பெரிய யந்திரமாகவே வளர்ந்தது. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நாளில் ஒரே மாதிரியாகப் பரீட்சை வைத்துத் திருத்துவதற்குரிய நிர்வாக வசதியே இதன் பிறப்புக்குக் காரணம். அந்தச் சிப்பாய்களின் மதிப்பெண்களை வைத்துக்கொண்டு இன்ன இனத்தார் அறிவில் தாழ்ந்தவர் என்று 1923-இல் நூல் எழுதிய கார்ல் பிரிகாம் என்ற உளவியலாரே, 1930-இல் அம்முடிவு ஆதாரமற்றது என்று தம் கைப்படவே எழுதி அதைக் கைவிட்டார். கடைசி இடத்தில் நிற்கும் மாவட்டத்துப் பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தால் அது புத்திக் குறைவு என்று சொல்ல வருகிறவர்கள் இந்தச் சரித்திரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அங்கே குறைவது பழக்கந்தான். அதிலும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழில் வினாவைப் படிக்கின்ற பிள்ளைகள் பலர் இருக்கின்ற இம்மாவட்டத்தில், வாசிப்பதற்கே சில விநாடிகள் அதிகமாகச் செலவாகின்றன.

வேகமும் துல்லியமும் ஒன்றை ஒன்று தின்னும் சுபாவம் உடையவை. உட்வொர்த் என்ற உளவியலார் 1899-இல் கையசைவைக் கொண்டு செய்த பரிசோதனைகளில், அசைவின் வேகம் கூடக்கூடக் குறி தவறுவதும் கூடுவதை அளந்து காட்டினார். சிந்தனையிலும் அவ்வாறே நிகழ்கிறதென்று பின்வந்தோர் பலமுறை கண்டிருக்கின்றனர். இதனால் தெரிவதென்ன? பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு ‘இன்னும் வேகமாகப் போடுவோம்’ என்று ஒரு பிள்ளை தீர்மானித்தால், அந்தக் கணத்தில் அது துல்லியத்தை விற்று வேகத்தை வாங்குகிறது, வேறொன்றும் நிகழ்வதில்லை. துல்லியம் குறையாமல் வேகம் கூட வேண்டுமானால் அதற்குரிய காரியம் பரீட்சைக்குப் பல வாரங்கள் முன்னதாக, கடிகாரமே இல்லாத அறையில் நடந்திருக்க வேண்டும். ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று பிள்ளைகளைப் பதற வைக்கின்ற பயிற்சியை நான் முற்றிலும் நிராகரிக்கிறேன்.

ஒரு வினாவுக்கு ஆகின்ற நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால் இது விளங்கும். வினாவைப் படித்தல், அது எந்த வகை என்று அறிந்துகொள்ளுதல், வழியைத் தேர்தல், கணக்கிடுதல், விடைத்தாளில் வட்டத்தை நிரப்புதல் என்று அந்த ஒரு நிமிஷம் பங்காகிறது. பழகாத பிள்ளைக்கு இதில் பெரும்பகுதியை விழுங்குவது இரண்டாவது படி. 2, 6, 12, 20, 30 என்ற தொடரில் அடுத்தது என்ன என்று கேட்டால், பழகிய கண் உடனே அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைப் பார்க்கிறது. 4, 6, 8, 10. ஆகவே அடுத்த வித்தியாசம் 12, விடை 42. 3, 7, 15, 31, 63 என்று வந்தால், எண்கள் ஏறத்தாழ இரண்டிரண்டு மடங்காகப் பெருகுவதைக் கண்டு, இரட்டித்து ஒன்று கூட்டினால் 127 என்று முடிக்கிறது. பழகாத கண்ணோ வர்க்கமா, கனமா, பகா எண்ணா என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறது. இரு பிள்ளைகளின் கூட்டல் வேகமும் ஒன்றாகவே இருக்கலாம். முதலில் எதைப் பார்ப்பது, அது பயன்படாவிட்டால் அடுத்து எதைப் பார்ப்பது என்ற ஒழுங்கு ஒருவரிடத்தில் இருக்கிறது, மற்றவரிடத்தில் இல்லை. இந்த ஒழுங்கை எந்த ஆசிரியரும் ஒரு மாதத்தில் கற்பித்துவிட முடியும்.

இதற்கடுத்தது ஞாபகத்தில் இருப்புக் கொண்டிருத்தல். நம்முடைய பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை உரக்கச் சொல்லிச் சொல்லி, முழு எண்களின் பெருக்கலை மட்டுமன்றி, இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி முதலான பின்னங்களின் பெருக்கலையும் பிள்ளைகள் நாவின் நுனியில் வைத்திருந்தனர். நெல் அளக்கின்ற இடத்திலும் நிலம் அளக்கின்ற இடத்திலும் நின்ற நிலையிலேயே கணக்குச் சொல்லுகின்ற வல்லமை அவர்களுக்கு அதனால்தான் வாய்த்தது. உருப்போடுவது அறிவுக்கு விரோதமானது என்று சொல்லி அதை நாம் ஒதுக்கியதில் நியாயம் உண்டாயினும், ஒதுக்கும்போது அதன் பிரயோஜனத்தையும் சேர்த்து இழந்துவிட்டோம். மனித மனம் ஒரே சமயத்தில் கையில் ஏந்திக்கொள்ளக்கூடிய சங்கதிகள் மிகச் சிலவே. 8 × 7 எவ்வளவு என்று யோசிப்பதில் அந்த இடம் நிரம்பிவிட்டால் வினாவின் நிபந்தனையை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போகிறது. இருபது வரை வாய்பாடு, முப்பது வரை வர்க்கம், பத்து வரை கனம், அரைக்கால் என்றால் பன்னிரண்டரை சதவீதம், ஆறில் ஒன்று என்றால் பதினாறே முக்கால் சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு என்ற அளவுக்கு ஞாபகத்தில் இருந்தால் போதும். இருநூறு சூத்திரங்களை அச்சிட்டு விற்கின்ற குறுக்குவழிப் புத்தகங்களைப் பிள்ளைகள் சுமக்க வேண்டியதில்லை.

தமிழ்வழியில் படிக்கின்ற பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்துத் தொடர் ஒரு தனித் தடை. எல் என்பது எத்தனையாவது எழுத்து என்று கேட்டால் ஏ-யிலிருந்து விரல் விட்டு எண்ணுகிறார்கள். பத்து விநாடி போய்விடுகிறது. ஐந்தாவது ஈ, பத்தாவது ஜே, பதினைந்தாவது ஓ, இருபதாவது டீ, இருபத்தைந்தாவது ஒய் என்ற ஐந்து எழுத்துகளை மைல்கல்லாக வைத்துக்கொண்டால், ஜே-க்கு இரண்டு தள்ளி எல், ஆகவே 12 என்று உடனே வந்துவிடும். பின்னாலிருந்து எத்தனையாவது என்று கேட்டால் 27-லிருந்து 12-ஐக் கழித்து 15 என்று சொல்லலாம். மண்டபத்துக்குள் போனவுடன், வினாத்தாளின் ஓரத்தில் இருபத்தாறு எழுத்துகளையும் எண்களோடு எழுதிக்கொள்ளப் பிள்ளைக்கு ஒரு நிமிஷம் ஆகும். பத்து எழுத்து வினாக்கள் வந்தால் அந்த நிமிஷம் பலமடங்காகத் திரும்பி வரும்.

மனத்துக்குள்ளேயே சுமக்க முயலாமல் தாளில் இறக்கிவைப்பது என்ற இந்த வழக்கம் திசை வினாக்களிலும் உறவுமுறை வினாக்களிலும் இன்னும் அவசியமாகிறது. ஒருவன் வடக்கே 3 கிலோமீட்டர் நடந்து, வலப்புறம் திரும்பி 4 கிலோமீட்டர் நடந்தால் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருப்பான் என்பதைக் கோடிட்டுப் பார்க்கின்ற பிள்ளை செங்கோண முக்கோணத்தைக் கண்டு 5 என்று எழுதிவிடுகிறது. கோடிடாத பிள்ளை, திருப்பங்கள் பெருகிய வினாவில் அவன் மூன்றாவது முறை திரும்பும்போது எந்தத் திசையில் நிற்கிறான் என்பதையே மறந்துபோகிறது. உறவுமுறையில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விசேஷ இடையூறும் உண்டு. தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுக்கின்ற வழக்கம் உள்ள குடும்பங்களில், தாயின் தம்பியே அக்காளின் கணவனாகவும் இருக்கக் காண்கின்ற பிள்ளை, வினாவில் சொல்லப்படாத உறவைத் தானாகவே சேர்த்துக்கொள்கிறது. ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம், திருமணத்துக்கு இரட்டைக் கோடு என்று வரைந்து, வரைபடத்தில் உள்ளதை மட்டுமே நம்புவதற்கு ஆசிரியர் பழக்க வேண்டும்.

நாள்காட்டிக் கணக்கை மட்டும் நான் வேறு விதமாகவே கருதுகிறேன். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து உதயமான 1965 அக்டோபர் 2 என்ன கிழமை என்று கேட்டால், 1600 ஆண்டுகளுக்கு மிகுநாள் (நாட்களை ஏழால் வகுத்த மீதி) இல்லை, அடுத்த 300 ஆண்டுகளுக்கு 1, அடுத்த 64 ஆண்டுகளுக்கு 16 லீப் நாட்களையும் சேர்த்து 80, அதை ஏழால் வகுத்த மீதி 3, அவ்வாண்டில் அக்டோபர் 2 வரை கழிந்த 275 நாட்களில் மீதி 2, ஆக 6, ஞாயிற்றைப் பூஜ்யமாகக் கொண்டு எண்ணினால் சனிக்கிழமை என்று முடிக்கலாம். அழகான கணக்குத்தான், வகுப்பில் நிதானமாகச் செய்து பார்த்தால் பிள்ளைகளுக்கு மிகுந்த சந்தோஷம் உண்டாகும். ஆனால் நன்கு பழகியவருக்கே ஒன்றரை நிமிஷம் ஆகக்கூடிய இக்கணக்குக்கும், பத்து விநாடியில் முடிகின்ற எண் தொடருக்கும் மதிப்பெண் ஒன்றேதான். எந்த வினாவை விட்டுவிட்டுப் போவது என்ற தீர்மானம் இங்கேதான் பிறக்கிறது. நன்றாகப் படிக்கின்ற பிள்ளைக்கே அது மிகக் கடினம், ஏனெனில் தெரிந்த கணக்கை விட்டுப் போவதை அது தோல்வியாகக் கருதுகிறது. முதற் சுற்றில் பார்த்தவுடன் வழி தெரிபவற்றை மட்டும் முடித்து, வழி தெரிந்தும் நேரம் பிடிப்பவற்றுக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் இட்டு, அவற்றை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்வதே முறை. இப்படித் தாவிச் செல்லும்போது ஓ.எம்.ஆர். தாளில் 37-ஆம் வினாவின் விடையை 36-ஆம் வரிசையில் நிரப்பிவிடுகின்ற அபாயம் உண்டு. அது தெரிய வருவதற்குள் பத்துப் பதினைந்து வரிசைகள் கெட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு வட்டத்தையும் நிரப்புமுன் வினா எண்ணை வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் கடைசியில் சேர்த்து நிரப்பலாம் என்ற ஆலோசனையைச் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லவே கூடாது. வட்டத்துக்கு நான்கு விநாடி என்று வைத்தாலும் 90 வட்டங்களுக்கு ஆறு நிமிஷம் ஆகிறது.

பயிற்சியின் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. தீர்த்து வைத்த கணக்குகளை கைடில் படித்துப் பார்த்து, ‘புரிந்துவிட்டது’ என்று பக்கத்தைப் புரட்டுவது மிகவும் பரவியிருக்கின்ற வழக்கம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட பரிசோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைக் காட்டிலும், மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகமாக ஞாபகம் வைத்திருந்தனர்; படித்தவர்களுக்கோ தங்கள் தேர்ச்சியில் நம்பிக்கை மட்டும் மிகுதியாக இருந்தது. பிள்ளை விடையை மறைத்துவிட்டுத் தானே போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வகை வினாவில் பத்துக்கு ஒன்பதாவது சரியாக வருகின்ற வரையில் கடிகாரத்தைக் கண்ணில் காட்டலாகாது. அதன் பிறகு ஒரு வினாவுக்கு இரண்டு நிமிஷம், ஒன்றரை, ஒன்று என்று படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வரலாம். தவறிய ஒவ்வொரு வினாவையும் ஒரு நோட்டில் எழுதி, தவறியதன் காரணத்தையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். ‘பொருந்தாதது எது’ என்பதைப் ‘பொருந்துவது எது’ என்று படித்துவிட்டதா, வழி தெரியவில்லையா, கூட்டலில் பிழையா, வட்டத்தை மாற்றி நிரப்பியதா என்று. ஒரு மாதத்து நோட்டைப் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாங்கள் அறியாமையால் இழந்ததைவிட வினாவைச் சரியாக வாசிக்காமல் இழந்ததே அதிகம் என்று தெரியவரும்.

தெரியாத வினாவுக்கு ஊகித்து விடையளிக்கலாமா என்பது பரீட்சைக்குப் பரீட்சை மாறுகின்ற விஷயம். என்.எம்.எம்.எஸ். தேர்வில் தவறுக்குக் கழிவு இல்லை. நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்மூடிக் குறித்தாலும், அப்படிப் பன்னிரண்டு வினாக்களில் சராசரியாக மூன்று சரியாக வரும். வெற்றிடமாக விட்டால் நிச்சயமாகப் பூஜ்யந்தான். ஆகவே கடைசி மூன்று நிமிஷத்தில் ஒரு வட்டமும் நிரப்பாமல் இருக்கக் கூடாது. குரூப் 4 தேர்விலும் தவறுக்குக் கழிவு கிடையாது. வங்கித் தேர்வுகளிலோ ஐந்து விடைகள், தவறுக்குக் கால் மதிப்பெண் கழிவு. ஐந்து வினாக்களைக் கண்மூடிக் குறித்தால் ஒன்றில் கிடைக்கின்ற மதிப்பெண்ணை மற்ற நான்கும் சரியாகத் தின்றுவிடும். ஒரு விடையையேனும் நிச்சயமாக விலக்க முடிந்தால் மட்டும், எஞ்சியவற்றில் ஒன்றைக் குறிப்பது லாபம். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கும்படி செய்தால் நிகழ்தகவுப் பாடமும் கூடவே நடந்துவிடும்.

முதலில் தோன்றிய விடையை மாற்றாதே என்று வழிவழியாகச் சொல்லி வருகின்ற ஆலோசனையையும் இங்கே பரிசீலிக்க வேண்டும். 2005-இல் க்ரூகர் என்பவரும் அவருடைய சகாக்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்களின் விடைத்தாள்களில் இருந்த அழிப்புகளை ஆராய்ந்தபோது, தவறிலிருந்து சரிக்கு மாறியவை சரியிலிருந்து தவறுக்கு மாறியவற்றைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தன. சரியாக இருந்ததை மாற்றிக் கெடுத்துக்கொண்ட வருத்தம் மனத்தில் ஆழமாகத் தங்கிவிடுவதால் மட்டுமே அந்த ஆலோசனை உயிரோடு இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் நிரப்பிய வட்டத்தை மாற்றவே முடியாத நம் ஓ.எம்.ஆர். தேர்வுகளில் இதனால் வருகின்ற பாடம், ஐயமுள்ள வினாவில் வட்டத்தை நிரப்புவதை இரண்டாம் சுற்று வரையில் ஒத்திவைத்து, முதலில் தோன்றிய விடையை வினாத்தாளில் மட்டும் சிறு புள்ளியாகக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதாகும்.

இவ்வளவுக்கும் ஆகின்ற செலவு மிகச் சொற்பம். முந்திய ஆண்டுகளின் வினாத்தாள்களும், ஓ.எம்.ஆர். தாளின் ஜெராக்ஸ் பிரதிகளும், சுவரில் ஒரு கடிகாரமும், சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பறையும் இருந்தால் எந்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியும் மாதிரித் தேர்வு நடத்தலாம். பரீட்சை நாளில் தொடங்குகின்ற அதே காலை நேரத்திலேயே தொடங்க வேண்டும், நடுவில் எழுந்துபோக விடக்கூடாது என்பவைதாம் நிபந்தனைகள். பக்கத்துக் கிராமங்களில் ஒரே ஒரு பேருந்தை நம்பி வருகின்ற பிள்ளைகளுக்காக, இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒரு மையத்தில் நடத்துவதும் ஆகக்கூடியதே. இம்மாவட்டத்துக் கல்லூரிகளில் படித்துக்கொண்டே குரூப் 4-க்குத் தயாராகின்ற இளைஞர்கள் நூலகங்களில் நாள்முழுதும் உட்கார்ந்திருக்கிறார்கள். சனிக்கிழமை ஒரு வேளை அவர்கள் தத்தம் ஊர்ப் பள்ளிக்கு வந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் தாளைத் திருத்தினால், இருவருக்கும் அது பயிற்சியாகும். ஆனால் திருத்தியதோடு நின்றுவிடலாகாது: அன்று பிற்பகலே, மதிப்பெண்ணை வாசிப்பதற்கு முன்னால், தவறிய வினாக்களை மாத்திரம் கடிகாரமின்றி மறுபடியும் போட்டுப் பார்ப்பதற்குப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கொடுக்க வேண்டும்.